சன்னலோரத்தில் ஏற்கெனவே இருந்தவர்

தையல் டீச்சர் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்த அன்று, போன வருஷம் இறந்துபோன அவருடைய கணவர் கூடத்துச் சன்னலோரம் உட்கார்ந்திருந்தது புகைப்படத்தில் விழுந்தது. நேரில் பார்த்தால் வெறும் தரைதான். படத்தில் மட்டும் பழுப்பு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, நாற்காலி இல்லாமலே கால்மேல் கால் போட்டு, நிம்மதியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் எடுத்தவருக்கு ஊரில் படக்காரர் என்றுதான் பெயர். வாடகைக்கு ஆள் வரும்போதும் போகும்போதும் ஒவ்வோர் அறையின் நான்கு மூலைகளையும், குழாய், தாழ்ப்பாள், சுவிட்ச் பலகை என்று ஒன்று விடாமல் எடுத்துவைத்து, எந்தச் சேதம் யார் தலையில் என்று தீர்த்துச் சொல்வது அவர் பிழைப்பு. அட்வான்ஸ் திரும்புவதும் திரும்பாததும் அவர் வாயில் இருந்தது. அந்த மனிதர் பார்க்காததா? சமையலறையில் மட்டும் மழை பெய்த வீட்டை 'மேல்தளக் கசிவு' என்று எழுதியவர். குடியிருந்தவர் சீலிங்கை ஒட்டி மிதந்துகொண்டிருந்த வீட்டில், மேலே படிந்திருந்த தலை எண்ணெய்க் கறைக்கு மட்டும் பிடித்தம் போடச் சொல்லிவிட்டுப் பேசாமல் வந்தவர்.

ஓனர் படத்தைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "காலி பண்ணிட்டேன்னு சொல்றீங்க, ஆள் உட்கார்ந்திருக்காரே. அவரை எந்திரிக்கச் சொல்லுங்க, அட்வான்ஸைத் தந்துடறேன்." அவரும் கல்நெஞ்சுக்காரர் இல்லை. மகன் குடும்பம் குடிவர இருந்தது, மருமகள் பயந்த சுபாவம். ஆனால் டீச்சருக்கு அந்த அட்வான்ஸ் வந்தால்தான் புது வீடு. சாயங்காலத்துக்குள் கட்டாவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். அப்புறம் தம்பி வீட்டில்தான் ஒண்டிக்கொள்ள வேண்டும். தம்பி மனைவியின் முகம் போகிற போக்கு அவருக்கு ஏற்கெனவே தெரியும். தையல் மெஷின் வேறு தெருவில் தள்ளுவண்டியில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

டீச்சர் படத்தையே பார்த்தார். "கடைசிப் பட்டனைத் தப்பாப் போட்டிருக்காரு பாருங்க," என்றார். பிறகு அழுகை வந்துவிட்டது. "இவரை இங்க தனியா விட்டுட்டு எப்படிங்க போறது?"

பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் படக்காரருக்குத் தெரிந்த ஒரே வழி. டீச்சர் குடிவந்த அன்று, பதினோரு வருஷத்துக்கு முன்னால், அவரே எடுத்த படத்தைத் தேடி எடுத்தார். அதே சன்னல், அதே மூலை, அதே மனிதர். அன்றைக்குக் கணவர் கறுத்த முடியோடு கீழே லாரிக்காரனிடம் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார் என்பது எல்லோருக்கும் நினைவிருந்தது. படத்தில் இருந்தவருக்கோ முடி முழுக்க நரை. உடம்பில் அவர் சாவதற்கு முந்தின குளிர்காலத்தில் டீச்சர் பின்னி முடித்த அதே ஸ்வெட்டர். பட்டன்கூட அதே தப்பு. சன்னலுக்குப் பக்கத்து விரிசலைப் பார்த்த படக்காரர், அன்று ஆளைப் பார்க்கவில்லை. சுவரையே பார்த்துப் பழகிய கண்.

"குடிவரும் முன்னாடியே இருந்ததுக்கு இவங்க பொறுப்பில்லீங்க," என்றார் படக்காரர். சட்டம் ஓனருக்கும் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய் அட்வான்ஸை எடுத்து வந்தார்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பஸ்ல எப்பவும் முன்னாடி ஏறி, கைக்குட்டை போட்டு எனக்கு எடம் புடிச்சு வைப்பாரு. வீட்டுக்கும் அப்படித்தான் வந்திருக்காரு போல."

சாயங்காலம் புது வீட்டில் படக்காரர் குழாயை எடுத்தார், தாழ்ப்பாளை எடுத்தார், கடைசியில் சன்னலை எடுத்தார். எடுத்ததை டீச்சரிடம் நீட்டினார். டீச்சர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "மெஷினை அந்தப் பக்கம் போடுங்க, இங்க போட்டா அவருக்கு வெளிச்சம் மறைக்கும்," என்று வண்டிக்காரரிடம் சொன்னார். பழைய வீட்டில் மறுநாள் ஓனர் மகனுக்காக எடுத்த படத்தில் வெறும் விரிசல்தான் இருந்தது.

புது வீட்டுச் சன்னலோரத்தில் டீச்சர் இன்னும் எத்தனையோ வருஷம் தைத்தார். அவர் இறந்த பிறகு தம்பி வந்து சாவியைக் கொடுத்தார். படக்காரர் வயதான கையோடு நான்கு மூலைகளையும் எடுத்து, ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். எல்லாம் காலி.

"ஏதாச்சும் பிடிப்பாங்களா?" என்று தம்பி கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க. ரெண்டு பேரும் சுத்தமா காலி பண்ணிட்டாங்க."

அட்வான்ஸ் முழுதாகத் திரும்பியது.