பூவில் வாய் வைப்பவர்

எங்கள் கமாதானி ஊரில் தோமி என்ற புது மருமகள் மாமனாரின் கிண்ணம் என்று நினைத்துப் புருஷனின் கிண்ணத்தை உடைக்கக் கொடுத்துவிட்டாள். ஏற்கெனவே செத்துப்போயிருந்த மாமனார் அதனால் மறுநாள் காலையே வீடு திரும்பினார். உயிரோடிருந்த புருஷன் திரும்ப முடியாமல் போயிற்று. எங்கள் மலைக்கு முதன்முதலாகப் பேருந்து வந்த வருஷம் அது. மாமனார் குமாசோ பேர்போன குயவர். சக்கரத்தைத் தொடாமல் கையாலேயே பிடித்துப் பிடித்துக் கிண்ணம் செய்து, அதில் சிவப்புக் கமேலியாப் பூ வரைவார். எங்கள் பேச்சில் சோறு தின்னும் கிண்ணமும் சவான்தான், தேநீர் குடிக்கும் கிண்ணமும் சவான்தான். மற்ற வீடுகளில் அது வேறு, இது வேறு. "மண்ணைப் பிசையறவனுக்கு எதுக்குடா ரெண்டு?" என்று குமாசோ தனக்கும் மகன் ஷின்கிச்சிக்கும் தலைக்கு ஒன்று செய்து, இரண்டுக்கும் அதையே வைத்துக்கொண்டார். இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அவருடையதில் மலர்ந்த பூ, மகனுடையதில் மொட்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

சாவு வீட்டில் செத்தவரின் கிண்ணத்தில் சோற்றைக் குவித்து, சாப்பிடும் குச்சிகளை நட்டு, தலைமாட்டில் வைப்பார்கள். சவப்பெட்டி வாசலைத் தாண்டும்போது அதே கிண்ணத்தைப் படியில் போட்டு உடைப்பார்கள். இனிமேல் இங்கே உனக்குச் சோறு இல்லை என்று சொல்லாமல் சொல்வது அது. மானமுள்ள பிணம் எதுவும் அதற்கப்புறம் வராது. கல்யாணமாகி ஒரு மழைக்காலம்கூடத் தாண்டாத தோமி, அடுக்களை இருட்டில் கைக்கு வந்ததை எடுத்து, சோற்றைக் குவித்து, பூவைச் சுவரோரம் கிடந்த பிணத்தின் பக்கம் திருப்பி மரியாதையாக வைத்தாள். சுவரைப் பார்த்த பூவை யார் எட்டிப் பார்ப்பார்கள்? பக்கத்து வீட்டுத் தாகே உடைத்தாள், சில்லுகளை வாரி ஆற்றில் எறிந்தாள். தகப்பன் பெட்டியை முன்னால் நின்று தூக்கிய ஷின்கிச்சியின் முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது.

எரித்துவிட்டு வந்தவர்கள் வாசலில் தீட்டுக் கழிய உப்புத் தூவிக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே நுழைந்தார்கள். ஷின்கிச்சி மட்டும் வீட்டைத் தாண்டி நடந்துகொண்டே போனான். தோமி ஓடிப்போய்ப் பாலத்தடியில் பிடித்தாள்.

"எங்கங்க போறீங்க?"

"வீட்டுக்குத்தாண்டி. காணோமே! நம்ம வீடு இருந்த எடத்துல முள்ளங்கிக் கொல்லை இருக்குது."

அவள் அவன் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். வாசற்படியில் கால் வைத்ததும் அவள் கையில் கை இல்லை. திரும்பிப் பார்த்தால் அவன் மறுபடி பாலத்தில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். எத்தனை முறை இழுத்தாலும் அதே கதைதான். சாயங்காலம் மாமியார் யோனே அலமாரியைத் திறந்தாள். மலர்ந்த பூவோடு தன் புருஷனின் கிண்ணம் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. "அடிப் பாவி! எம்புள்ளைக்கு உசிரோடவே காரியம் பண்ணிட்டியேடி!" என்று அவள் அடித்துக்கொண்டது பேருந்து நிற்கும் இடம்வரை கேட்டது.

ஆனால் மறுநாள் காலையில் யோனேயின் ஒப்பாரி நின்றுபோயிற்று. குமாசோ வந்து தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் ஈர மண், முகத்தில் அதே கடுகடுப்பு. சோறு வைத்தாள், தின்றார். தின்ற பிறகும் கிண்ணத்தில் சோறு அப்படியே இருந்தது, ருசி மட்டும் போயிருந்தது. கோழிக்குப் போட்டால் கோழி பின்னால் நகர்ந்தது. அவர் உட்கார்ந்த பாயில் ஈரம் காயவே இல்லை. பேச்சும் அதிகமில்லை, "கரி ஈரமா இருக்கு" என்பார், "சூளைக்கு இப்ப நெருப்பு வைக்காதே" என்பார், இருட்டியதும் சுவர்ப்பக்கம் போவார், அப்புறம் ஆளைக் காணமுடியாது. யோனே தலைவாரிக்கொள்ள ஆரம்பித்தாள். உயிரோடிருந்தபோது ஏச்சைத் தவிர ஒன்றும் தராத மனுஷன், இப்போது விடிந்தால் வந்து எதிரே உட்காருகிறார் என்று அவளுக்கு வெட்கமும் பெருமையுமாக இருந்தது. தோமிக்குத்தான் பயம். தேநீரை அவர் முன்னால் வைத்துவிட்டுப் பின்னாலேயே நகர்ந்து அடுக்களைக்குள் ஒண்டிக்கொள்வாள்.

ஷின்கிச்சி பாலத்துக்கு அந்தப் பக்கம் சூளைக் கொட்டகையில் தங்கினான். தோமி இரண்டு வேளையும் சோறு கொண்டுபோனாள். புதுக் கிண்ணம் செய்துபார்த்தான். மொட்டு வரைந்து சூளையில் வைத்தால் மொட்டில்லாமல் மொட்டையாக வெளியே வந்தது. குளிர் இறங்கியது. அதெல்லாம்கூடப் பரவாயில்லை, குளிருக்குப் போர்த்திக்கொள்ளலாம். அவன் வீட்டை மறந்துகொண்டிருந்தான். முதலில் அடுப்பு எந்த மூலையில் என்று கேட்டான். அப்புறம் கூரை ஓடா வைக்கோலா என்று கேட்டான். பனி விழுந்த ஒரு மத்தியானம் சோற்றை வாங்கிக்கொண்டு, குனிந்து வணங்கி, "தெனமும் கொண்டாந்து குடுக்கறீங்க. யார் வீட்டுப் பொண்ணுன்னு தெரிஞ்சுக்கலாமா?" என்று கேட்டான். தோமி பாலத்துக் கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளும் அந்த வீட்டைச் சேர்ந்தவள்தானே, வீட்டோடு அவளும் அவன் நினைவிலிருந்து போய்க்கொண்டிருந்தாள்.

அன்று தோமி மாமியாரின் முன்னால் போய் நின்றாள். அதுவரை அவள் அந்த வீட்டில் நிமிர்ந்து பேசியதில்லை.

"அத்தை, அந்தக் கிண்ணத்தைக் குடுங்க."

"எதுக்கு? இதையும் போட்டு ஒடைக்கவா? கை ராசிதான் தெரியுமே!"

"செத்தவருக்குச் சோறு, இருக்கறவருக்குப் பனியா? அவரு என்னையே யாருன்னு கேக்கறாரு!"

"ஒன்னைத்தானே கேட்டான்? நேத்து வந்தவளை மறந்தா என்னவாம். பெத்தவளை மறப்பானா?" கிண்ணத்தை இடுப்புப் பட்டைக்குள் செருகிக்கொண்டு யோனே மூக்கை நிமிர்த்தினாள். ஆனாலும் உள்ளே குத்திவிட்டது. துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, பனியில் தட்டுத்தடுமாறிப் பாலத்துக்குப் போனாள், தோமியும் கூடப் போனாள். ஷின்கிச்சி அவளைப் பார்த்ததும் எழுந்து, "அம்மா" என்றான். அவளுக்கு உயிர் வந்தது. மருமகளைப் பார்த்து ஒரு சிரிப்புக்கூடச் சிரித்தாள். "அம்மா, பாத்து வாங்க, வழுக்கும்," என்றான் அவன். "பஸ் அந்தப் பக்கந்தான் நிக்கும். எந்த ஊருக்குப் போகணும்?"

முகம் தெரியாத கிழவிகளை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். யோனே பேருந்து நிற்கும் இடம்வரை மரியாதைக்கு நடந்துபோய், அங்கே கொஞ்ச நேரம் நின்று அழுதுவிட்டுத் திரும்பினாள்.

வீட்டில் குமாசோ உட்கார்ந்திருந்தார். "மன்னிச்சிக்கோங்க," என்று யோனே அவரிடம் சொல்லிவிட்டு, அவர் முன்னாலேயே பச்சைத் தேயிலைத் தூளை அவர் கிண்ணத்தில் போட்டு, வெந்நீர் விட்டு, மூங்கில் மத்தால் நுரைக்க நுரைக்கக் கடைந்தாள். உடைத்தால் கிழவர் போவார், பையன் வரமாட்டான் என்று அவளுக்குப் பட்டது. கிண்ணம் யாருடையதோ அவனைத்தான் வீடு உள்ளே விடும். ஆகவே கிண்ணத்தையே கொடுத்துவிடுவது. ஆவி பறக்க இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனாள், தோமி பின்னால் குடை பிடித்துக்கொண்டு போனாள். குமாசோ தடுக்கவில்லை. போகிற கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேநீர்க் கிண்ணத்துக்கு முகம் உண்டு. பூ வரைந்த பக்கம்தான் முகம். வாங்கிக்கொள்கிறவர் கிண்ணத்தைக் கொஞ்சம் சுற்றி, முகத்தை விலக்கிவிட்டுத்தான் குடிக்கவேண்டும். கொடுத்தவரின் முகத்தில் எச்சில் படாமல் இருக்க அப்படி. ஊரிலேயே குமாசோ ஒருவர்தான் சுற்றமாட்டார். "நான் போட்ட பூ, நான் வாய் வைக்கறேன், ஒனக்கென்ன?" என்பார். ஷின்கிச்சி நல்லபடி வளர்ந்தவன். முன்பின் தெரியாத இரண்டு பெண்களுக்கும் வணக்கம் சொல்லி, கிண்ணத்தைச் சுற்றி, பூவை விலக்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தான். உதட்டைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். "என்னடி தோமி, கூரையில ஓடு ரெண்டு ஒடைஞ்சிருக்கு, சொல்லக்கூடாதா?" என்று சொல்லிவிட்டு, நேரே நடந்து வீட்டுக்குள் போனான். தோமி வாய்விட்டு அழுதாள். குமாசோ உட்கார்ந்த இடம் காலியாக இருந்தது, பாய் காய்ந்திருந்தது. கிண்ணத்தைக் கழுவும்போதுதான் யோனே பார்த்தாள்: மலர்ந்த பூவுக்குப் பக்கத்தில், யாரும் வரையாத ஒரு மொட்டு.

அடுத்த நாள் காலை ஷின்கிச்சி தேநீரை வாங்கினான், சுற்றவில்லை. பூவின்மேல் அப்படியே வாய் வைத்து உறிஞ்சினான். தொண்டையைச் செருமினான். "யோனே, கரியெல்லாம் ஏன் ஈரமா இருக்கு?" என்றான். அவன் முழங்காலில் மண் இருந்தது, பாயில் ஈரம் ஏறியது. தோமியை அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை. அவள் பின்னாலேயே நகர்ந்து அடுக்களைக்குப் போனாள்.

அதற்கப்புறம் அது பழகிப்போயிற்று. ஒரு கிண்ணம், ஒரு உடம்பு, இரண்டு பேர். யார் வருவார் என்று தேநீர் வைக்கும்வரை தெரியாது. காலையில் மாமியாரும் மருமகளும் அருகருகே உட்கார்ந்து அவன் கைகளையே பார்ப்பார்கள். சுற்றினால் தோமியின் முகம் மலரும், யோனே தன் படுக்கையை ஓரமாகச் சுருட்டுவாள். சுற்றாவிட்டால் யோனே சீப்பைத் தேடுவாள், தோமி பெருமூச்சு விட்டுவிட்டுச் சின்ன அறையில் பாய் விரித்துக்கொள்வாள். சண்டை கிடையாது. சில மாதங்களில் கிழவர் அதிகம் வந்துவிடுவார், அப்போது தோமிக்கு வயிறு எரியும், வெளியே காட்டிக்கொள்ளமாட்டாள். "நாளைக்கு ஒனக்குத்தான்டி, மொகத்தைத் தூக்காதே," என்று யோனே மெதுவாகச் சொல்வாள். அந்தக் காலத்தில் செய்த கிண்ணங்களுக்கு நகரத்தில் நல்ல கிராக்கி. குமாசோ நாளில் செய்தது எது, மகன் நாளில் செய்தது எது என்று வாங்குகிறவர்கள் விவரமாகக் கேட்டு வாங்கினார்கள்.

இதற்கு நடுவில் தோமிக்கு மியோ பிறந்தாள், நடந்தாள், பேசினாள். ஒருநாள் காலை அவள் பந்தோடு வாசலுக்கு ஓடிவந்தபோது பக்கத்து வீட்டுத் தாகே வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, இன்னிக்கு வீட்ல யாரு?"

"தாத்தா," என்றாள் மியோ.

"அப்பா?"

"அப்பா நாளைக்கு. தேநீர் குடிக்கறப்ப தெரியும்," என்று சொல்லிவிட்டு அவள் பந்தைத் தட்டிக்கொண்டே பாலத்துப் பக்கம் போனாள்.