ஆறு மணிக்குள் ஒரு பெயர்

ரயில் நிற்பதற்குள் ஞானசேகரன் குதித்துவிட்டான். முழங்கால் சிராய்த்தது. எழுந்து ஓடினான்.

"யோவ்! டிக்கெட்டு!"

சிதம்பரத்தில் வாங்கிய சீட்டை வாசலில் நின்றவர் கையில் திணித்துவிட்டுக் கடலூர்க் கடைத்தெருவில் பாய்ந்தான். மணி ஐந்தே முக்கால். ஆறு அடித்தால் போதகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

கடலூரில் அவன் சேர்ந்திருந்த கிறிஸ்தவ சபையின் வழக்கம் அது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் இராப்போசனம், அதாவது ஆண்டவர் நினைவாக அப்பமும் ரசமும், எடுக்கிறவர்கள் முந்தின சனிக்கிழமையே பெயர் கொடுக்க வேண்டும். வர முடியாதவனுக்காக வீட்டார் யாராவது கொடுத்தாலும் செல்லும். ஏழு வருஷம் ஒருவன் பெயர் வராவிட்டால் சபைப் பதிவிலிருந்தே அடித்துவிடுவார்கள். ஞானசேகரனுக்கு ஏழாவது வருஷம் இன்றோடு முடிகிறது. வீட்டார் என்று அவனுக்கு யாரும் இல்லை.

1939-இல் அவன் தெரு மொத்தமும் ஆலயத்தில் முழங்காலிட்டு ஆண்டவரோடு உடன்படிக்கை செய்தது. இனிக் கள் இல்லை, கைகலப்பு இல்லை. மூன்றே மாதத்தில் அதை முறித்தவன் ஞானசேகரன். குடிவெறியில் பக்கத்து வீட்டுப் பொன்னுரங்கத்தைக் கட்டையால் அடித்தான். கால் எலும்பு முறிந்தது. அன்றே சிதம்பரத்துக்கு ஓடிப்போய் ஒரு நெல் மில்லில் மூட்டை தூக்கினான். குடியை விட்டு இரண்டு வருஷமாகிறது. ஆனால் எந்த முகத்தோடு திரும்பி வருவது?

ஆலய மதில் தெரிந்தது. இன்னும் நூறடி.

டாங்!

மணிக்கயிற்றைப் பிடித்திருந்தவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. பொன்னுரங்கம்! ஒரு கால் வளைந்தே இருந்தது.

"அண்ணே, நிறுத்துண்ணே! பேர் குடுக்கணும்!"

டாங்! டாங்! ஆறும் அடித்த பிறகுதான் பொன்னுரங்கம் கயிற்றை விட்டார்.

"மணி எவனுக்காவும் நிக்காது. ஏழு வருஷமா இன்னா பண்ண? இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா?"

"என் கால வேணா ஒடிச்சிக்கண்ணே. பேர மட்டும் அடிச்சிடாதீங்க."

"ஒடிச்சி? ஒரு மணி அடிக்க ரெண்டு நொண்டியா? போடா, உள்ள போயி ஐயாவப் பாரு."

போதகர் பேனாவை மூடிவிட்டிருந்தார். ஞானசேகரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"முடிஞ்சிபோச்சா ஐயா? உடன்படிக்கைய முறிச்சவன் நான்தான். ஒத்துக்கிறேன். ஒரே ஒரு தடவ..."

"நீ மட்டுமா முறிச்ச? வேதத்துல, சீனாய் மலையடியில ஆண்டவருக்கு வார்த்தை குடுத்த ஜனம் நாப்பது நாள் தாங்கல. பொன்னுல கன்னுக்குட்டி செஞ்சி கும்புட்டுது. அவுங்க விட்டுட்டாங்க. ஆண்டவர் விட்டாரா?"

புத்தகத்தைத் திருப்பி வைத்தார். வலது ஓரத்தை மட்டும் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார்.

"படி."

இன்றைய பட்டியலில் ஞானசேகரன்! பக்கத்தைப் புரட்டினான். போன மாதமும் ஞானசேகரன். அதற்கு முந்தின மாதமும்! ஏழு வருஷத்தில் ஒரு மாதம்கூட விடுபடவில்லை.

"நான் குடுக்கலியே!"

"வீட்டார் குடுத்தாங்க."

"எனக்கு ஏது ஐயா வீடு?"

"மொதல்ல நாளைக்கி வந்து பந்தியில சேரு. மத்தத அப்பறம் பேசிக்கலாம்."

மறுநாள் காலை. சபை நடுவே எழுந்து நின்று ஞானசேகரன் தன் குற்றத்தை உரக்கச் சொன்னான். பெஞ்சுகள் கிறீச்சிட சபை முழுதும் எழுந்தது. "சேர்த்துக்கொள்கிறோம்!" என்று நூறு தொண்டைகள் ஒன்றாய் முழங்கின. அப்பம் நாவில் பட்டபோது அவன் அழவில்லை. சிரித்தான். கடைசிப் பாட்டில் அவன் குரல்தான் கூரையை இடித்தது.

ஆராதனை முடிந்ததும் நேரே போதகர் அறைக்குப் போனான். அவர் புத்தகத்தை விரித்து மறுபடி ஓரத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார்.

"இப்ப கைய எடுங்க ஐயா."

போதகர் சிரித்தபடி கையை எடுத்தார். ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. பக்கத்துக்குப் பக்கம் அதே ரேகை. அருகே போதகரின் எழுத்து:

"பெயர் கொடுத்தவர்: பொன்னுரங்கம். உறவு: கூடப்பிறந்தவர்."