மேல் இடது மூலை

பழைய மானிட்டர் வாங்க வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வெள்ளைத் திரையைத்தான் போட்டுப் பார்ப்பார்கள். எங்கேயாவது கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று மூக்கு ஒட்டுகிற அளவுக்குக் குனிந்து தேடுவார்கள். இல்லை என்று தெரிந்ததும் முகமெல்லாம் பல்லாகத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். நானும் விட்டுவிடுவேன். கோளாறு தெரிவது கறுப்புத் திரையில். அதை வலியப் போய்ச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

என் பெயர் தங்கபாண்டி. தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டில் கடை. நவி மும்பையில் ஆபீஸ்கள் காலி செய்யும்போது மொத்தமாக வரும் மானிட்டர்களைத் துடைத்து, பழுது பார்த்து விற்கிறேன். கடைக்கு மேலே ஜன்னலே இல்லாத ஓர் அறை உண்டு. அங்கே விளக்கை அணைத்துவிட்டுத் திரை முழுக்கக் கறுப்பைப் போட்டால், ஓரங்களில் மங்கலாக ஒரு வெளிச்சம் தெரியும். நாம் தலையை நகர்த்த நகர்த்த அதுவும் கூடிக் குறைந்தால் அது க்ளோ. அது இந்த மாதிரித் திரைகளின் பிறவிக் குணம், ஒன்றும் செய்வதற்கில்லை. நாம் எப்படி நகர்ந்தாலும் அது அதே இடத்தில் அப்படியே நின்றால் லீக். பின்னாலிருக்கும் விளக்கு ஓரத்து இடைவெளி வழியாகக் கசிகிறது என்று அர்த்தம். க்ளோவோடு காலம் தள்ளலாம். லீக் இருந்தால் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். இருபது வருஷமாகப் பார்க்கிற கண் இது, ஒரே பார்வையில் பிரித்துவிடும்.

ஆகஸ்டில் மானசா வந்தாள். செம்பூரில் ஒரு எக்ஸ்ரே சென்டரில் டெக்னீஷியன், வீடு நெருளில், இருபத்தைந்து வயது இருக்கும். நட்டுக்குத்தலாகத் திருப்பி வைக்கிற ஸ்டாண்டோடு மானிட்டர் வேண்டும், நெஞ்சுப் படம் முழுசாகத் தெரிய வேண்டும் என்றாள். அப்படி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் ஒரு மூலையில் கை அகலத்துக்கு லீக் இருந்தது எனக்குத் தெரியும்.

அவள் ஏமாளி இல்லை. பென்டிரைவில் கறுப்புப் படம் கொண்டுவந்திருந்தாள். மேலே போய் விளக்கை அணைக்கச் சொன்னாள். நான் மாடிப்படி பல்பை மட்டும் எரியவிட்டு, திரையின் வெளிச்சத்தையும் பாதியாகக் குறைத்து வைத்தேன். அப்படியும் கண்டுபிடித்துவிட்டாள்.

"அண்ணா, இந்தக் கார்னர் பாருங்க. இது லீக் தானே?"

"லீக்கா? அரே, க்ளோம்மா அது. தலைய கொஞ்சம் இந்தப் பக்கம் கொண்டா. பாத்தியா, கொறையுது?"

கொஞ்சம் குறையத்தான் செய்தது. அந்த மூலையில் க்ளோவும் இருந்தது. அதற்கு அடியில் லீக் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அவள் இன்னும் இரண்டு தடவை தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"பக்கா க்ளோ தானா?"

"இருவது வருஷமா இதுலதாம்மா கெடக்கேன். நம்பி எடுத்துட்டுப் போ."

பச்சைப் பொய். ஒரு சின்னப் பெண் என்னை என் கடையிலேயே வைத்து மடக்குவதா என்ற வீம்பு. இப்போது யோசித்தாலும் வேறு காரணம் அகப்படவில்லை. போகும்போது அவள், "உங்க வீட்ல யாருக்காவது எக்ஸ்ரே எடுக்கணும்னா எங்ககிட்ட வாங்கண்ணா, நான் சொல்லிக்கறேன்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது.

"அண்ணா, டாக்டர் சத்தம் போடறார். எல்லார் படத்துலயும் மேல லெஃப்ட் கார்னர்ல பனி மாதிரி தெரியுதாம். ரெண்டு பேரை வேற இடத்துல திரும்ப எடுக்கச் சொன்னார். அங்க கிளீனா இருக்கு."

கொண்டுவாம்மா, மாற்றித் தருகிறேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"நிமுத்தி வச்சிருக்கியள்லா, அதான். க்ளோ மேல ஏறி வந்திருக்கும். அந்த மூலைய மட்டும் கண்டுக்காதீங்க. யாரு படத்தப் போட்டாலும் அங்க அப்படித்தான் தெரியும். நாலு நாள்ல கண்ணு பழகிரும்."

"சரிண்ணா, டாக்டர்ட்ட சொல்றேன்" என்றாள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து போனே இல்லை. தொல்லை விட்டது என்று நான் வடாபாவ் வாங்கித் தின்றுகொண்டிருந்தேன்.

அக்டோபரில் என் மனைவி கனகவள்ளிக்கு இருமல் பிடித்தது. மருந்துக்கடைச் சிரப்பில் நிற்கவில்லை. சாயங்காலமானால் உடம்பு காய்ந்தது. ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆனது. எங்கள் சந்தில் நாள்பட்ட இருமல் என்றால் அது என்ன என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாயைத் திறந்து சொல்லத்தான் மாட்டார்கள். கனகவள்ளியும் சொல்லவில்லை. நான்கு வயது மகள் பொன்செல்வியை மட்டும் ஒரு பையில் துணிமணியோடு என் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். ஒரு மாதம் வாசலில் நின்றபடியே பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தாள். அது அழுதுகொண்டு ஓடிவந்தால் இவள் பின்னால் நகர்ந்துகொள்வாள். அதைப் பார்க்க எனக்குச் சகிக்காது.

எக்ஸ்ரே எடுக்க எங்கே போவது என்று யோசிக்கவே இல்லை. அவள் சொல்லிவிட்டுப் போனதுதான் நினைவில் இருந்தது, அந்த மானிட்டர் இல்லை. மானசாவுக்குப் போன் போட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் செம்பூர் போனோம். மானிட்டர் விற்றவர் என்று மானசா சொல்லியிருப்பாள், படம் எடுத்த அரை மணி நேரத்தில் டாக்டர் ஹரி எங்களை உள்ளேயே கூப்பிட்டார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், மரியாதையான மனிதர்.

"கவலையே படாதீங்கோ. நெஞ்சு க்ளியரா இருக்கு. சாதாரண இருமல்தான்."

கனகவள்ளி கும்பிட்டபடி அழுதாள். "பிள்ளைய வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துரலாமா டாக்டர்?"

"தாராளமா."

என் பார்வை அப்போதுதான் மேஜைக்குப் போனது. நான் விற்ற மானிட்டர் நெட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. அதில் என் மனைவியின் விலா எலும்புகள். மேல் இடது மூலையில் வெள்ளையாகப் பனி.

"மேல வெள்ளையா தெரியுதே டாக்டர்?" என்றேன்.

அவர் சிரித்தார். "அந்த மூலையை நாங்க இப்ப பாக்கறதே இல்லை. க்ளோன்னு நீங்கதானே சொன்னேள்?"

பக்கத்தில் கனகவள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் சிரித்து வைத்தேன். வெளியே வந்ததும் அவள் எனக்காக நிற்கக்கூட இல்லை. "நேரா ஒங்க தங்கச்சி வீட்டுக்குப் போறேன். நீங்க கடைக்குப் போங்க" என்று டாக்சியில் ஏறிப் போய்விட்டாள்.

கடைக்கு வந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மேலே போனேன். இருக்கிறதிலேயே நல்ல மானிட்டரை எடுத்து மேஜையில் வைத்தேன். சென்டரிலிருந்து போனுக்கு அனுப்பியிருந்த படத்தை அதில் போட்டு விளக்கை அணைத்தேன். படத்தைச் சுற்றியிருந்த கறுப்பு, மை கொட்டியதுபோல் சுத்தமாக இருந்தது. கசிவே இல்லாத திரை.

தோள் எலும்புக்குக் கீழே, அங்கே பனி தெரிந்த அதே இடத்தில், ஒரு சாம்பல் திட்டு இருந்தது.

எனக்கு நுரையீரலைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் திரையில் வரும் சாம்பல் நிறத்தைப் பற்றித் தெரியும். தலையை இடது பக்கம் சாய்த்தேன். வலது பக்கம் சாய்த்தேன். எழுந்து நின்று பார்த்தேன், தரையில் முழங்காலிட்டுப் பார்த்தேன். திட்டு குறையவும் இல்லை, நகரவும் இல்லை. மறு பக்கத்து நெஞ்சில் அதே இடம் கறுப்பாகத்தான் இருந்தது.

அப்போதே கனகவள்ளிக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. நீ என்ன டாக்டரா, டாக்டரே இல்லை என்கிறாரே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னால் எதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்ற பயம்தான் அது. மானிட்டரைப் போர்வையில் சுற்றி டாக்சியில் போட்டுக்கொண்டு செம்பூருக்குத் திரும்பினேன்.

டாக்டர் அறையில் அதை இறக்கி வைத்துவிட்டு, "மன்னிச்சிருங்க டாக்டர். அது க்ளோ இல்ல, லீக். விக்கும்போதே எனக்குத் தெரியும். ஒருக்கா இதுல போட்டுப் பாருங்க" என்றேன். மானசா ஒயரைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

இரண்டு திரைகளையும் அடுத்தடுத்து வைத்தார்கள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"படத்துல இடது பக்கம் தெரியறது வலது நுரையீரல். அதுல பேட்ச் இருக்கு. டிபியா இருக்கலாம். இன்னிக்கே சளி டெஸ்ட் பண்ணியாகணும்" என்றார். பிறகு, "குழந்தையை அழைச்சுண்டு வந்துட்டாளா?" என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன். அவர் மானசாவிடம் திரும்பினார். "இந்த ஸ்கிரீன் வந்ததுலேர்ந்து எடுத்த நெஞ்சுப் படம் அத்தனையும் திற. ஒண்ணு விடாம."

அவள் என் பக்கம் பார்க்கவில்லை. திரையில் பெயர்கள் வரிசையாக வந்தன. அவள் கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தன. முதல் படம் திறந்தது. டாக்டர் மூலையைப் பார்த்துவிட்டு, "அடுத்தது" என்றார். மூன்றாவதில் அவர் பேனாவை எடுத்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

வராந்தாவில் நின்று போன் செய்தேன். கனகவள்ளி ரகசியம் பேசுகிற குரலில் எடுத்தாள்.

"சத்தம் போடாதீய. இப்பந்தான் தூங்குனா. ஒரு மாசமாச்சுல்லா, கழுத்தக் கெட்டிக்கிட்டு விடவே மாட்டேங்கா. மூஞ்சியோட மூஞ்சி வச்சுத்தான் படுத்திருக்கோம்."

"ஏட்டி, பிள்ளைய இறக்கி விடு."

"என்னது?"

"கீழ படுக்க வையி. வச்சிட்டு நீ வெளிய வா."

அவள் இருமினாள். "ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொன்னாருல்லா?"

"அவரு பாத்த மானிட்டர் சரியில்ல. அது நான் வித்தது."

அவள் மெதுவாகக் கேட்டாள். "விக்கும்போது ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

போனைக் கீழே வைத்துவிட்டாள் போல. துணி உரசும் சத்தம் கேட்டது. பிள்ளை விழித்துக்கொண்டு அம்மா அம்மா என்று அழ ஆரம்பித்தது. அழுகை கூடிக்கொண்டே போனது, அவள் தூக்கவில்லை.