சுண்டெலி வரிசையில் ஒரு மனிதர்

ஆய்வகத்தின் இயக்குநருக்கு முழக்கம் என்று பட்டம் வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. பொருத்தம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். "சௌக்கியமா சார்?" என்று கேட்டுவிட்டால் தொலைந்தது. மனிதகுலத்துக்கு அறிவியல் ஆற்றிய தொண்டில் ஆரம்பித்து, அறிவியலுக்குத் தான் ஆற்றிய தொண்டில் வந்து நிற்பார். இடையில் பெருமூச்சு விடுவது கேட்பவர்களின் பொறுப்பு.

அவர் கையில்தான் அங்கே வேலை பார்த்த ஆராய்ச்சிக்காரி ஒருத்தியின் பிழைப்பு மாட்டிக்கொண்டிருந்தது.

நம் செல் ஒவ்வொன்றுக்குள்ளும் ரைபோசோம் என்று குட்டிக் குட்டிப் பட்டறைகள் உண்டு. புரதம் செய்வதுதான் அவற்றின் தொழில். பட்டறையைக் கட்டியிருப்பதிலும் பாதி புரதம்தான். அவற்றில் ஒன்று மனிதனுக்கு ஒரு மாதிரி, சுண்டெலிக்கு இம்மியளவு வேறு மாதிரி. மனிதப் புரதத்தைக் கண்டால் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, எலிப் புரதத்தைக் கண்டால் கடன் கேட்க வந்த சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆன்டிபாடி ஒன்றை அவள் பாடுபட்டு உருவாக்கியிருந்தாள். சோதனைப் படத்தில் மனித செல் வரிசையில் கறுப்பாக ஒரு கோடு விழ வேண்டும். சுண்டெலி வரிசை வெறிச்சோடிக் கிடக்க வேண்டும்.

கிடந்தால்தானே! ஒரு நாள் துடைத்து வைத்ததுபோல் இருக்கும். மறுநாள் கோடு வந்து உட்கார்ந்திருக்கும். வெள்ளிக்கிழமை வெளியிலிருந்து நிபுணர் அம்மாள் பார்வையிட வருகிறார். அன்றும் இப்படி என்றால் ஆன்டிபாடி சாக்கடைக்குப் போகும், அவள் வீட்டுக்குப் போவாள்.

"உங்க எலி செல்லுல மனுஷ செல் ஏதாவது கலந்துடுச்சா?" என்று எலியாரிடம் கேட்டாள். எலியார், சுண்டெலி செல்களை வளர்ப்பவர்.

"அம்மா தாயே, பெத்த பிள்ளைங்களைக்கூட நான் இப்படிப் பொத்திப் பொத்தி வளர்க்கல. குடுவையத் திறக்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்குவேன். உன் ஆன்டிபாடிக்குத்தான் கண்ணு மங்கிப் போச்சு!"

அந்த நேரம் பார்த்து முழக்கம் உள்ளே வந்தார். பனிக்கட்டிப் பெட்டியில் வாய் திறந்து நின்ற சுண்டெலிக் குழாய்களின் மேலாகக் குனிந்துகொண்டார்.

"ஏம்மா, ஆராய்ச்சின்னா என்ன? பணிவு! பொறுமை! எல்லாத்துக்கும் மேல, பேச்சைக் குறைக்கணும்!"

பேச்சைக் குறைப்பது பற்றி வெகுநேரம் பேசினார். கடைசியில், "இந்த ஆன்டிபாடிக்கு ஒழுக்கம் பத்தலை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

இரவுச் சாப்பாட்டின்போது அவள் மாமனார் குடியிருப்போர் சங்கத் தலைவரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். ஆவேசம் உச்சத்துக்குப் போனபோது அவர் வாயிலிருந்து ஒரு பட்டாணி கிளம்பி, மேசையைக் கடந்து மருமகளின் தட்டோரம் இறங்கியது.

"ஏங்க, கொஞ்சம் வாயை மூடிக்கிட்டுப் பேசுங்களேன்!" என்றார் மாமியார்.

தட்டை இழுத்துக்கொண்ட மருமகளின் கை அப்படியே நின்றது. கண் விரிந்தது.

"என்னம்மா, கோபமா?"

"ஐயோ, இல்ல மாமா. நீங்க பேசுங்க. இன்னும் நல்லாப் பேசுங்க!"

அவருடைய ஆயுளில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. நெகிழ்ந்துபோய் இன்னொரு கரண்டி பட்டாணி போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை சுண்டெலி செல் கரைசலைக் குழாய்களில் பிரித்து ஊற்றினாள். ஒன்றை இறுக மூடினாள். ஒன்றின் முன்னால் எலியாரை நிறுத்திப் பேச வைத்தாள். அவர் வெட்கப்பட்டு வானிலை பற்றி ஏதோ முனகினார். இன்னொன்றைத் திறந்து வைத்துக்கொண்டு முழக்கத்தைக் கூப்பிட்டாள்.

"சார், பணிவைப் பத்தி நேத்து பாதியிலேயே நிறுத்திட்டீங்க."

முழக்கம் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கினார்.

சாயங்காலம் படம் வந்தது. மூடிய குழாயின் வரிசை சுத்தம். எலியார் வரிசையும் சுத்தம். முழக்கம் பேசிய வரிசையில் மட்டும் மை தொட்டு இழுத்ததுபோல் கோடு.

"ஆக, சார் மனுஷன்தான்!" என்றார் எலியார். "இத்தனை வருஷமா இங்க யாருக்கும் ஆதாரம் கிடைக்கல, தாயே!"

"அவர்கிட்ட யாரு சொல்றது?"

"எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் குடுவைகளைப் பார்த்தார் எலியார்.

வெள்ளிக்கிழமை வந்தது. முழக்கத்தின் வரவேற்புரை முடிந்ததும் நிபுணர் அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு படத்தை எடுத்தார்.

"இது மூணுமே எலிதானே? ஒண்ணுல மட்டும் ஏன் கோடு?"

"அது வந்து மேடம், ஆன்டிபாடிக்கு இன்னும் ஒழுக்கம்..." என்று ஆரம்பித்தார் முழக்கம்.

ஆராய்ச்சிக்காரி கணக்குப் போட்டாள். வாயை மூடினால் ஆன்டிபாடி போகும். திறந்தால் அவளே போக வேண்டியிருக்கும். திறந்தாள்.

"மேடம், அது எலி இல்ல. சார்."

எலியார் கூரையை ஆராயத் தொடங்கினார்.

"திறந்த குழாய் முன்னால சார் பேசினாங்க. எச்சில்ல வாய்த்தோல் செல் இருக்கும். அதைத்தான் பிடிச்சிருக்கு. மூடின குழாய்ல ஒண்ணுமே இல்ல, பாருங்க."

நிபுணர் அம்மாள் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "துளிகூட இருக்காதே. அதையுமா பிடிச்சிருக்கு?"

"ஆமா மேடம்."

"எலி அவ்வளவு கிடக்கு, அதைத் தொடல. மனுஷன் இத்தனூண்டு, விடல. பிரமாதம்! இதை ஏத்துக்காம வேற எதை ஏத்துக்கறது? தாராளமாத் தொடருங்க."

முழக்கத்தின் முகம் சிவந்து, வெளுத்து, கடைசியில் ஒரு யோசனையில் வந்து நின்றது.

"ஏம்மா... வேற யாரு பேசினாலும் இப்படித்தான் விழுமா?"

"எலியாரைப் பேசவெச்சுப் பார்த்தோம் சார். அவருக்கு ஒண்ணும் விழல."

முழக்கத்தின் மார்பு மெல்ல விம்மியது. "விழாது. என் பேச்சு ஆழமாப் பதியும்னு பல பேரு சொல்லியிருக்காங்க. இப்ப நிரூபணமும் ஆயிடுச்சு."

திங்கட்கிழமை காலை, வேலை நீட்டிப்பு உத்தரவைக் கைப்பையில் பத்திரப்படுத்திவிட்டு அவள் நிமிர்ந்தபோது முழக்கம் எதிரே நின்றார்.

"எந்தக் குழாய்க்கும்மா இன்னிக்குப் பேசணும்?"

அவள் கோடி ஜன்னலோரம் ஒரு வெற்றுக் குழாயை நிறுத்தினாள். முழக்கம் குனிந்து, தொண்டையைச் செருமி, அதற்கு வணக்கம் சொன்னார். அவளும் எலியாரும் பனிக்கட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓசையில்லாமல் அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்கள். அன்று வேலை மளமளவென்று நடந்தது.