றோசாச் சாடி மண்

றஞ்சிதம் மாமி கத்தரிக்கோலோடு சவப்பெட்டிக்குள் குனிந்தபோது மதுஷிகா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு பிள்ளை. இதை வெட்டிப்போட்டுச் செபமாலையைச் சுத்திவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது."

"வெட்டக்கூடாது மாமி."

"சனம் வரப்போகுது."

"வரட்டும்."

பெட்டிக்குள் கிடந்த அம்மாவின் வலக்கை மணிக்கட்டில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பட்டி இருந்தது. சனிக்கிழமை பின்னேரம் கொழும்பில் ஒரு மைதான வாசலில், மூக்குத்தி போட்ட பெட்டை ஒருத்தி சிரித்துச் சிரித்துக் கட்டிவிட்ட பட்டி. ஒருமுறை ஒட்டினால் வெட்டித்தான் எடுக்கலாம். ஆஸ்பத்திரியில் எடுக்கவில்லை. உடம்பைப் பதப்படுத்தி எம்பாம் செய்தவர்களும் எடுக்கவில்லை. முன்பின் தெரியாதவர்கள் எல்லாரும் அதை அம்மாவுக்கே விட்டுவைத்திருக்க, சொந்த மச்சாளுக்குத்தான் அது கண்ணில் குத்தியது.

மதுஷிகா கத்தரிக்கோலைப் பறித்துத் தையல் மெஷின் லாச்சிக்குள் போட்டுப் பூட்டினாள். அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கர் கட்டிய ஓட்டோ தெருவால் திரும்பியது.

"உப்புக்குளத்தைச் சேர்ந்த திருமதி செலீனா அவர்கள், மடு மாதாவின் திருப்பதிக்கு யாத்திரை சென்று திரும்பும் வழியில், இறைவனில் துயில்கொண்டார் என்பதை மிகுந்த துயரத்துடன்..."

காலையில் இருந்து இது நாலாம் தடவை. கேட்கக் கேட்க மதுஷிகாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மதில்களில் ஒட்டிய நோட்டீஸிலும் அதே பொய்தான். எழுதியவர் அம்மாவின் தமையன், மாமியின் புருஷன் அமிர்தநாயகம் மாமா. கோயிலில் மூப்பர். பொய் சாட்சி சொல்லாதே என்று முதல் நன்மைக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துகிறவர்.

பிழை தன்னிடமும் இருந்தது என்பதுதான் அவளை இன்னும் எரித்தது. ஞாயிற்றுக்கிழமை ரெயிலுக்குள் இருந்து போன் எடுத்து, "மாமா, அம்மா மடு றோட் ஸ்ரேசன் தாண்டினாப்போலை..." என்று சொல்லி அழுதாள். மடுவுக்குப் போய்வந்த வழி என்று மிச்சத்தை அவரே நிரப்பிக்கொண்டார். அப்போதே இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்ல வாய் வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவரும் அழுதுகொண்டுதான் நின்றார்.

மறுநாள் உண்மையைச் சொன்னபோது அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஐம்பத்தைஞ்சு வயசு விதவை, ஞாயிறு பூசையையும் விட்டிட்டு, பெடியளோடை நிண்டு ஆடிப்போட்டு வந்து செத்தவள் எண்டு சனம் சொல்லோணுமே? உன்ரை அம்மாவை நான் காப்பாத்திறன் பிள்ளை. நீ வாயைத் திறவாதை."

காப்பாற்றுகிறாராம்! எதிலிருந்து?

அம்மாவுக்கு ரெயில் என்றால் பைத்தியம். தொண்ணூறில் சண்டையால் தலைமன்னார் ரெயில் நின்றபோது அவளுக்கு இருபது வயது. தண்டவாளத்தைப் பெயர்த்துப் பங்கருக்கு வைத்தார்கள். கால் நூற்றாண்டு கழித்துத் திரும்ப ஓடத் தொடங்கிய கிழமையே அம்மா தான் வேலைபார்த்த சங்கக் கந்தோரில் லீவு போட்டுவிட்டு ஏறினாள். அதன்பிறகு மாதத்துக்கு ஒரு பயணம். அநுராதபுரம் வரை போய் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுத் திரும்பி வருவாள். எதற்குப் போனாய் என்று கேட்டால், "போறதுக்குத்தான்" என்பாள். திரும்பும்போது வீடு இருக்கிற மன்னாரில் இறங்கவும் மாட்டாள். ரிக்கற்றே தலைமன்னார் இறங்குதுறைக்குத்தான் எடுப்பாள். கடைசி ஸ்ரேசனில் தண்டவாளம் முடிவதைப் பார்த்துவிட்டு, பஸ் பிடித்து அவ்வளவு தூரமும் திரும்பி வருவாள். அப்படிப்பட்டவளைப் போய் மடு றோட்டில், பாதி வழியில் இறக்கிவிட்டார் மாமா.

அந்தப் பெடியளும் ரெயிலில் கிடைத்தவர்கள்தான். ஐந்து சிங்களப் பெடியள், கிட்டார்ப் பெட்டிகளோடு தலைமன்னார் பார்க்க வந்தவர்கள். அம்மா தன் மீன் ரோல்ஸைப் பங்கிட்டுக் கொடுத்தாள். அவர்கள் செட்டிகுளத்தில் இருந்து மன்னார்ப் பாலம் வரை பாடினார்கள். நாலு மாதம் கழித்துத் தங்கள் பெரிய கச்சேரிக்கு இரண்டு அனுமதிச் சீட்டுப் போனில் அனுப்பியிருந்தார்கள். அம்மா ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. கத்தரிப்பூச் சேலையை அயன் பண்ணினாள்.

மைதானத்தில் ட்றம் அடிக்கத் தொடங்கியதும் அம்மா நெஞ்சில் கையை வைத்தாள். மதுஷிகா பயந்துபோனாள், அம்மா இருதயத்துக்குக் கிளினிக் போகிறவள். ஆனால் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ரெயில் பாலத்திலை ஏறேக்கை உள்ளுக்கை அதிருமெல்லே? அது மாதிரியே இருக்குது பிள்ளை!"

பிறகு கைப்பையைத் தோளில் கொழுவிக்கொண்டு, சேலைக் கொய்யகத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி துள்ளினாள். இரண்டு தரம் இல்லை, மூன்று தரம் இல்லை, பாட்டு முடியும்வரை துள்ளினாள். மேடையில் இருந்து ஒருத்தன் மன்னார் அம்மா வந்திருக்கிறா என்று சிங்களத்தில் சொன்னதும் பக்கத்தில் நின்ற பிள்ளைகள் விசிலடித்தார்கள். அம்மாவை மதுஷிகா இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிறாள். அந்த முகத்தை அன்றைக்குத்தான் கண்டாள்.

அடுத்த நாள் ரெயிலில் அம்மா யன்னலில் தலையைச் சாய்த்திருந்தாள். முருங்கன் போனது. திருக்கேதீஸ்வரம் போனது. "அம்மா, பாலம் வரப்போகுது, எழும்புங்கோ" என்றாள் மதுஷிகா. அம்மா எழும்பவில்லை. பாலத்தில் ஒருநாளும் நித்திரை கொள்ளாதவள் எழும்பாததைக் கண்டதும், தொட்டுப் பார்க்க முன்னமே மதுஷிகாவுக்கு விளங்கிவிட்டது.

அம்மா பத்திரமாய் வந்து சேர்ந்தாவா என்று பெடியள் அன்றிரவே கேட்டு எழுதியிருந்தார்கள். அதற்கு அவள் இன்னும் பதில் போடவில்லை.

பத்து மணிக்கெல்லாம் சனம் வரத் தொடங்கியது. வந்தவர்கள் அழுதார்கள், அழுது முடித்ததும் பெருமூச்சு விட்டார்கள்.

"மாதாவைக் கும்பிட்டிட்டுச் செத்திருக்கிறா. என்ன மாதிரிச் சாவு! குடுத்துவைச்சவ."

மாமா கண்களைத் துடைத்தபடி தலையாட்டினார். மதுஷிகா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மாதாவோடு அவளுக்குக் கோபம் இல்லை. வருஷாவருஷம் ஆவணித் திருநாளுக்கு அம்மாவோடு மடுவுக்குப் போய்வந்தவள்தான் அவள். தன் பெயரால் பொய் சொல்லச் சொல்லி மாதாவா கேட்டா?

அப்போதுதான் ஒரு மனிசி அந்தக் கேள்வியைக் கேட்டாள். "மூப்பர், செலீனா மடு மண் கொண்டுவந்திருப்பா என்ன? எனக்கும் ஒரு சரை தாருங்கோவன். செத்தவவின்ரை கையாலை எடுத்த மண்ணெல்லே."

மடுவுக்குப் போகிற எவரும் அந்த மண் இல்லாமல் திரும்புவதில்லை. பாம்புக் கடிக்குக் காவல் என்று வீட்டுக்கு வீடு கடதாசிச் சரையில் மடித்து வைத்திருப்பார்கள். மாமா இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. ஒரு கணம் முழிசினார். பிறகு, "ஓம், ஓம். தாறன். இருங்கோ" என்றார். மாமியைப் பார்த்தார். மாமி எழும்பிக் குசினிப் பக்கம் போனாள்.

மதுஷிகா தண்ணீர் எடுக்கப் போனபோது கண்டாள். குசினிக்குப் பின்னால் அம்மாவின் றோசாச் சாடி பாதி வெறுமையாக நின்றது. மாமி குந்தியிருந்து மா அரிக்கிற அரிதட்டில் மண்ணை அரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மிச்ச நோட்டீஸ்களைக் கிழித்து மடித்த சரைகள் வரிசையாய் இருந்தன.

"மாமி, என்ன செய்யிறியள்?"

"சத்தம் போடாதை. கேக்கிற சனத்துக்கு இல்லையெண்டு சொல்லேலுமே? மண்ணெல்லாம் ஆண்டவர் படைச்ச மண்தானே."

மதுஷிகா தண்ணீர் எடுக்க மறந்துபோனாள். திரும்பி விறாந்தைக்கு வந்தபோது மாமா கையில் ஏற்கெனவே ஏழெட்டுச் சரை இருந்தது. கேட்டவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார்கள்.

அப்போது சிவபாக்கியம் வந்தாள். முருங்கன் பக்கத்து வயல்காரி. மரக்கறி கொண்டு மன்னாருக்கு ரெயிலில் வந்துபோனதில் அம்மாவுக்குச் சிநேகிதமானவள். பெட்டியைப் பிடித்துக் கதறி அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மாமாவிடம் கையேந்தினாள்.

"எனக்கும் ஒண்டு தாங்கோ ஐயா. அக்கா ஒவ்வொருக்காலும் மறக்காமல் கொண்டுவந்து தாறவ. என்ரை மகன் பார்த்தீபன் இருட்டிலை வயலுக்குத் தண்ணி கட்டப் போறவன். போன மாரியிலையும் புடையன் பாம்பிட்டை அருந்தப்பிலை தப்பினவன்."

மாமா ஒரு சரையை நீட்டினார். கொஞ்சமும் தயங்கவில்லை. தயங்கியிருந்தாலாவது மதுஷிகா பொறுத்திருப்பாள்.

"வாங்காதேங்கோ அன்ரி!"

விறாந்தையில் கதிரைகள் கிறீச்சிட்டன. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது மடு மண் இல்லை. எங்கடை றோசாச் சாடி மண். மாமி இப்பதான் பின்னாலை இருந்து அரிச்சவ."

"பிள்ளைக்குத் தாய் போன கவலை," என்றார் மாமா. "உள்ளை கூட்டிக்கொண்டு போங்கோ."

"எனக்கு ஒண்டுமில்லை மாமா. நீங்கள் சொல்லுங்கோ, இதை நம்பி அவன் செத்தா ஆர் பதில் சொல்லுறது? அம்மா மடுவுக்குப் போகேல்லை. கொழும்புக்குப் போனவ, என்னோடை. கிட்டார் அடிச்சு, ட்றம் அடிச்சு, பெடியள் பாடுற கச்சேரிக்கு. அங்கை அம்மாவும் துள்ளினவ. நல்லாத் துள்ளினவ. இந்தா கையிலை பட்டி கிடக்குது, வந்து பாருங்கோ!"

பின்வரிசையில் யாரோ வாய்க்குள் சிரித்தார்கள். மதுஷிகா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

சிவபாக்கியம் சரையைப் பிரித்தாள். மண்ணை இரண்டு விரலால் நசித்தாள்.

"இது எங்கடை வயல் மண்ணல்லோ!" என்றாள். "உப்பு மணல்லை றோசா வராதெண்டு நான்தானே அக்காவுக்கு உரப்பையிலை கட்டிக்கொண்டு வந்து குடுத்தனான். ஐயா, நீங்கள் கோயில் மனிசன். இதைப் பூசிப்போட்டு நான் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் விட்டிருந்தால்?"

 மாமா கையில் இருந்த மிச்சச் சரைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றார். வாங்கியவர்களில் சிலர் தங்களுடையதை மெல்லக் கதிரைக்குக் கீழே விட்டார்கள்.

பங்குச் சாமியார் வாசல் படலைக்குள் வரும்போது வீடு அப்படித்தான் இருந்தது. அவர் எவ்வளவைக் கேட்டார் என்று தெரியாது. பெட்டியருகே வந்து அம்மாவின் கையைப் பார்த்தார். பட்டியை மறைக்க மாமி எந்த நேரத்திலோ செபமாலையை இறுக்கிச் சுற்றிவிட்டிருந்தாள். அவர் அதைக் கொஞ்சம் தளர்த்தி விரல்களுக்குள் ஒழுங்காக வைத்தார். பட்டி வெளியே தெரிந்தது. மாமா எழுதிக் கொடுத்திருந்த குறிப்பைச் சட்டைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டுச் செபத்தைத் தொடங்கினார். மடு என்ற சொல் அவருடைய வாயில் ஒருதரமும் வரவில்லை.

கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் சனம் குசுகுசுத்தது. மதுஷிகா கேட்டுக்கொண்டே நடந்தாள். கதைக்கட்டும். உண்மையைக் கதைக்கிறார்கள், அது போதும்.

சேமக்காலையில் பெட்டியை இறக்கியாயிற்று. ஒவ்வொருவராக ஒரு பிடி மணல் அள்ளிப் போட்டார்கள். மாமா குழிக்கரையில் வந்து நின்றார். குனியவில்லை. அவர் பக்கத்தில் போக எல்லாருக்கும் தயக்கம். மதுஷிகாவும் போகவில்லை. அவளுக்குக் கோபம் அப்படியேதான் இருந்தது.

சிவபாக்கியம்தான் போனாள். சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து, கசங்கிய சரையை எடுத்து அவருடைய கையில் வைத்தாள்.

"இந்தாங்கோ ஐயா. அக்காவின்ரை தானே."

அவர் பிரித்தார். கறுத்த மண்ணுக்குள் அரிதட்டுக்குத் தப்பிய தேயிலைத் தூள் கிடந்தது. அதைப் பெருவிரலால் தடவினார். பிறகும் தடவினார்.

"குடிச்ச மிச்சத்தைச் சாடிக்குள்ளை ஊத்துறதை இவள் இன்னும் விடேல்லையே?" என்றார். யாரைப் பார்த்தும் கேட்கவில்லை.

"இல்லை மாமா," என்றாள் மதுஷிகா.

அவர் கையைக் கவிழ்த்தார். குழிக்குள் விழுந்து கிடந்த வெள்ளை மணலுக்கு மேல் அது மட்டும் கறுப்பாகத் தெரிந்தது.