இல்லாத அக்காவின் பையன்

"பையனுக்கா மேடம்?"

கண்ணாடி மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த கடைக்காரர் கேட்டார். பேனா இருக்க வேண்டிய காதிடுக்கில் ஒரு திருப்புளி செருகியிருந்தது.

"ஆமா. அக்கா பையன். எட்டு வயசு."

கண் சிமிட்டாமல் சொன்னாள். அவளுக்கு அக்காவே கிடையாது.

வயது நாற்பத்து மூன்று. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். காலையிலிருந்து மாலை வரை எண்பது பேரிடம் 'மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க' என்று சொல்லி, எலும்பு வரை பார்த்து அனுப்புகிறவள். டீன் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரே அக்கா.

எல்லாம் ஒரு சுண்டு விரலால் வந்த வினை. மூன்று வாரத்துக்கு முன் விரல் ஒடிந்த ஒரு ஆள் படம் எடுக்க வந்தார். ஒடிந்த கையை நீட்டினார். நல்ல கையில் சேறு படிந்த ஒரு ரிமோட் காரை அணைத்துப் பிடித்திருந்தார். "இது மேல தடுக்கித்தான் விழுந்தேன். ஆனா பாருங்க, இதுக்கு ஒண்ணும் ஆகல" என்றார் பெருமையாக. அவள் காரைக் கவிழ்த்துப் பார்த்தாள். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி ஸ்பிரிங். நடுவில் பல்சக்கரங்கள். முழங்கால் மூட்டு மாதிரி மடங்கி நிமிரும் இரும்புக் கம்பிகள். அதையும் ஒரு படம் எடுத்துப் பார்க்கலாமா என்று கை துறுதுறுத்தது. எடுக்கவில்லை. ஆனால் அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கமும் வரவில்லை.

இதோ, ரிமோட் கார் விற்கும் கடைக்கு வந்துவிட்டாள்.

"எங்க ஓட்டுவான் பையன்? தார் ரோடா, மண்ணா?"

"ஜல்லியும் மண்ணும் கலந்த இடம். பழைய கட்டடத்த இடிச்சுப் போட்டிருக்காங்க. ஓரமா கொஞ்சம் புல்லு."

கடைக்காரரின் புருவம் உயர்ந்தது. எட்டு வயதுப் பையனின் சித்திகள் பொதுவாக இவ்வளவு துல்லியமாக நிலம் அளந்து சொல்வதில்லை.

"அப்ப பெரிய சக்கரம், உயரமான வண்டி. முதல் வண்டின்னா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க மேடம். பொம்மைக் கடை கார் உடைஞ்சா குப்பைத்தொட்டி. இது உடைஞ்சா, உடைஞ்சத மட்டும் கழட்டிட்டு வேற மாட்டலாம். அதனால வேகம் எவ்வளவுன்னு முதல்ல கேக்கக் கூடாது. உதிரி பாகம் பக்கத்துல கிடைக்குமான்னு கேக்கணும்."

"கிடைக்குமா?"

அவர் பின்னால் இருந்த சுவரைக் காட்டினார். தரையிலிருந்து கூரை வரை சின்னச் சின்னப் பாக்கெட்டுகள். அவளுக்கு மருந்தகத்துக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

அப்புறம் அரை மணி நேரம் அந்தக் கடையில் ஒரு விசாரணையே நடந்தது. மோட்டாரில் இரண்டு வகை. பிரஷ் வைத்தது மெதுவானது, பொறுமைசாலி, புதியவர்களுக்குத் தோது. பிரஷ் இல்லாதது பறக்கும். கூடவே வண்டியையும் பறக்கவிட்டு உடைக்கும். அவள் பொறுமைசாலியை எடுத்தாள். பாகம் பாகமாக வாங்கிப் பூட்டுவதா, பூட்டியதை வாங்குவதா? பையன் முதலில் பூட்டியதை ஓட்டட்டும், உடைந்தால் தானாகக் கழற்றக் கற்றுக்கொள்வான் என்றார் கடைக்காரர். அதையும் ஒப்புக்கொண்டாள். ஸ்டியரிங்கைத் திருப்பும் குட்டி மோட்டாரில் தண்ணீர் போகுமா என்று கேட்டாள். பல்சக்கரம் பிளாஸ்டிக்கா, இரும்பா என்று கேட்டாள்.

"பையன் ரொம்ப விவரமோ?" என்றார் அவர்.

"ரொம்ப" என்றாள் அவள்.

கடைசியில் பேட்டரி. "நிக்கல் ஒண்ணு, லித்தியம் ஒண்ணு. லித்தியம் ரொம்ப நேரம் ஓடும். ஆனா அதுக்குக் கொஞ்சம் கோபம் ஜாஸ்தி."

"நேரம் ஜாஸ்தி ஓடுறதே குடுங்க. கோபம்னா என்ன?"

கடைக்காரர் சிரித்தார். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு மேடம்? சார்ஜ் போடற முறை, தீப்பிடிக்காத பை எல்லாம் இருக்கு. அவங்க அப்பாவ வரச் சொல்லுங்க. அவர்கிட்ட விளக்கமா சொல்றேன்."

அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது: பையனும் இல்லை, அப்பாவும் இல்லை, நான்தான். ஆனால் பக்கத்தில் இரண்டு இளைஞர்கள் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சொல்றேன்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். தீப்பிடிக்காத பை கடை அலமாரியிலேயே தொங்கியது, வராத ஒரு அப்பாவுக்காக.

வீட்டில் கார் குடியேறிய இடம், படுக்கையறைத் துணி அலமாரி. பழைய திரைச்சீலைகளுக்கு அடியில். வேறு எங்கே வைப்பது? ஹாலில் இடமில்லை. அங்கே அவள் கணவரின் மூன்று மீன் தொட்டிகள். அவர் அச்சகம் நடத்துகிறவர். மீன் அவருக்கு உயிர். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் மீனைத்தான் காட்டுவார். 'ஐம்பது வயசுல உங்களுக்கு எதுக்கு மீனு' என்று யாரும் கேட்டதில்லை. தொட்டிக்கான மணலை வாளி வாளியாக அலசிக் கொடுப்பது மட்டும் அவள் வேலை.

அதன் பிறகு டியூட்டிக்கு இருபது நிமிஷம் முன்னதாகவே அவள் மருத்துவமனைக்குப் போக ஆரம்பித்தாள். பின்பக்கக் காலி இடத்தில் கார் ஜல்லியைத் தெறிக்கவிட்டுக்கொண்டு சீறும். மேடேறித் துள்ளும். முதல் நாள் குப்புற விழுந்ததைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். கடைசியாக அப்படிச் சிரித்தது எப்போது என்று அவளுக்கே ஞாபகமில்லை.

பத்தாம் நாள் கார் ஒரு கான்கிரீட் கட்டையில் நேராகப் போய் மோதியது. அடியில் பேட்டரி மூலையில் ஒரு சொட்டை. மறுநாள் பார்த்தால் லேசாக உப்பியிருந்தது.

மனித உடம்பில் எங்கே எது வீங்கினாலும் அவளுக்கு அர்த்தம் தெரியும். பேட்டரி வீங்கினால்? கடைக்குப் போன் போட்டாள்.

"அக்கா பையனுக்குன்னு வாங்கிட்டுப் போன வண்டிங்க. பேட்டரி கொஞ்சம் உப்புன மாதிரி இருக்கு. அது வந்து..."

"அந்த எட்டு வயசுப் பையன் வண்டியா? அப்பா பக்கத்துல இருக்காரா மேடம்? போன அவர்கிட்ட குடுங்க."

"அவர்... வேலைக்குப் போயிருக்காரு."

"வந்ததும் பேசச் சொல்லுங்க."

லைன் துண்டானது. அவள் அந்த உப்பலை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தாள். போகட்டும், சார்ஜ் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். நோயாளிகள் இப்படிச் சொன்னால் அவளே திட்டுவாள்.

அன்று மாலை ஏழு மணி. மகளுக்கு லேசான காய்ச்சல். கல்லூரியிலிருந்து வந்தவள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு படுக்கையறைக் கட்டிலில் தூங்கிப்போயிருந்தாள். மகளை எழுப்பாமல் அவள் சுவர் பிளக்கிலிருந்து ஒயரை அலமாரிக்குள் இழுத்து, பேட்டரியைச் சார்ஜரில் மாட்டி, மேலே திரைச்சீலையைப் போட்டு மூடி, கதவைச் சாத்தினாள். சமையலறைக்குப் போய் வெங்காயத்தை எடுத்தாள்.

முதலில் ஒரு வாசனை. நகப்பூச்சு அழிக்கும் திரவம் மாதிரி, இனிப்பாக.

மகளுக்கு நகப்பூச்சு பிடிக்காதே!

கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். அலமாரி இடுக்கிலிருந்து வெள்ளைப் புகை பீறிட்டது. கட்டிலில் மகள் அசையவில்லை. "எந்திரிடீ!" அவளைத் தரதரவென்று இழுத்து ஹாலில் தள்ளினாள். கணவர் மீனுக்கு இரை போட்ட கையோடு அப்படியே நின்றார்.

"என்னம்மா ஆச்சு? என்ன எரியுது?"

பதில் சொல்ல நேரமில்லை. திரும்பும்போது அலமாரிக் கதவு உள்ளேயிருந்து சிவந்தது. சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தாள். தொட்டிக்குப் பக்கத்தில் அவள் அலசி உலர்த்தி வைத்திருந்த மணல் வாளிகள் கண்ணில் பட்டன. அலமாரியைத் திறந்து ஒரு வாளி. இன்னொரு வாளி. மூன்றாவதைக் கணவர் தூக்கிக்கொண்டு வந்து கொட்டினார். தீ உறுமியது, சீறியது, மணலுக்கு அடியில் முணுமுணுத்து அடங்கியது.

திரைச்சீலைகள் போயின. ஒரு தட்டு நிறையத் துணி போயிற்று. மகள் இருமிக்கொண்டே, ஆனால் முழுசாக, வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

கணவர் மணலைக் கிளறி ஒரு சக்கரத்தை எடுத்தார். "இது யாரோடது?"

'அக்கா பையனோடது' என்ற பொய் பழக்கதோஷத்தில் நாக்கு நுனிக்கு வந்தது. மகளைப் பார்த்தாள். விழுங்கிவிட்டாள்.

"என்னோடது. நான்தான் ஓட்டுறேன்."

"இந்த வயசுல பொம்மைக் காரா?"

"அப்பா" என்றாள் மகள், இருமலுக்கு நடுவே. "ஹால்ல மூணு தொட்டி யாருக்கு ஓடுது? எனக்கா?"

அவர் வாயைத் திறந்து மூடினார், அவர் வளர்க்கும் மீன் மாதிரியே. கையிலிருந்த சக்கரத்தின் மணலைத் தட்டினார். "எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

யோசித்தார். பொய் சொல்லத் தோன்றவில்லை. "சிரிச்சிருப்பேன்."

"அந்தச் சிரிப்புக்குப் பயந்துதாங்க அலமாரிக்குள்ள வச்சேன். என் பொண்ணு தலைமாட்டுல வச்சேன்."

சனிக்கிழமை கணவனும் மனைவியும் கடைக்குப் போனார்கள். கருகிய பேட்டரி ஒரு பிஸ்கட் டப்பாவில், மணலுக்குள். அதைப் பார்த்ததும் கடைக்காரர் முகம் வெளுத்தது. "ஐயோ! வாங்க சார், உங்களத்தான் எதிர்பாத்துட்டு இருந்தேன். பாருங்க சார், உப்புன லித்தியத்த எப்பவுமே..."

கணவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "வண்டி அவங்களோடது. அவங்ககிட்ட சொல்லுங்க."

"அப்ப... எட்டு வயசுப் பையன்?"

"நாப்பத்தி மூணு வயசு" என்றாள் அவள். "எதிர்லதான் நிக்கிறேன். நான் பொய் சொன்னது தப்பு, ஒத்துக்கறேன். ஆனா போன்ல உப்பியிருக்குன்னு சொன்னேனே? சார்ஜ் போடாதீங்கன்னு ஒரு வார்த்தை எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே! உள்ள என் பொண்ணு தூங்கிட்டு இருந்தா."

கடைக்காரர் காதிலிருந்த திருப்புளியை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"எங்க ஓட்டப் போறீங்கன்னு கேட்டேன். யாரு ஓட்டப் போறீங்கன்னு கேக்கவே இல்ல. நானே முடிவு பண்ணிட்டேன். தப்புதான் மேடம்."

பிறகு முதலிலிருந்து தொடங்கினார், இந்த முறை அவள் முகத்தைப் பார்த்து. உப்பியது, சொட்டை விழுந்தது எதையும் சார்ஜ் போடக் கூடாது. போடும்போது துணி, மரம் பக்கத்தில் இருக்கக் கூடாது. கண் பார்வையிலேயே இருக்க வேண்டும். முதல் வருஷத்துக்குச் சாதுவான நிக்கல் போதும். அவள் ஒரு எக்ஸ்ரே உறையின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். கணவர் எட்டிப் பார்த்து, "மீன் தொட்டி ஒண்ண எடுத்துட்டா ஹால்லயே சார்ஜ் போட இடம் வரும்" என்றார், பொதுவாகக் காற்றிடம் சொல்வது போல.

அப்போது இன்னொரு பெண்மணி உள்ளே வந்தார். "பைய..." என்று தொடங்கிய கடைக்காரர் பாதி வார்த்தையை விழுங்கினார். "யாரு ஓட்டப் போறது மேடம்?"

அந்தப் பெண்மணி அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்டுக்காரர்தாங்க. ரிட்டயர் ஆயிட்டாரு. கடைக்கு வரக் கூச்சப்படறாரு. பேரனுக்குன்னு சொல்லி வாங்கிட்டு வரச் சொன்னாரு. பேரன் பொறந்தே இன்னும் ஆறு மாசம் ஆகல."

எக்ஸ்ரே அக்கா பிஸ்கட் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தி மூடியைத் திறந்தாள்.

"இதப் பாத்துட்டுப் போய் அவரையே கூட்டிட்டு வாங்கம்மா. தனக்குன்னு ஒரு ஆசை வர்றதுல வெக்கம் இல்ல, ஆம்பளைக்கும் இல்ல, பொம்பளைக்கும் இல்ல. கேலிக்குப் பயந்து அத ஒளிச்சு வச்சா, கேக்க வேண்டியதக் கேக்க முடியாது. கேக்காம விட்டா வீடே எரியும்."