ஒரு பொய்யும் கருகிய கோட்டும்

சலவை நிலையத்தின் மேற்பார்வையாளருக்கு முதுகுக்குப் பின்னால் எல்லோரும் வைத்திருந்த பெயர் ‘புதிர் சார்’. உண்மையே பேசும் அண்ணன், பொய்யே பேசும் தம்பி, நடுவில் வழி தெரியாமல் நிற்கும் ஒருவன் என்று தேநீர் வேளையில் ஏதாவது ஒரு புதிர் போடுவார். மற்றவர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள். இஸ்திரி போடும் அக்கா மட்டும், “அந்த வழியா வர்ற வேற யாரையாச்சும் கேக்கலாமே சார்?” என்பாள். கூடம் சிரிக்கும். அந்தச் சிரிப்பு அவருக்குக் கொஞ்சம் உறுத்தும்.

ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவரின் கம்பளிக் கோட்டு முதுகில் கருகிப்போயிருந்தது. யார் வேலை என்று கண்டுபிடிக்கச் சொன்னார் முதலாளி. புதிர் சாருக்கு வெல்லம் கிடைத்த மாதிரி ஆயிற்று. அக்காவையும் சலவை இயந்திரம் ஓட்டுபவனையும் எல்லோர் முன்னாலும் நிறுத்தினார்.

கோட்டைத் தொடவே இல்லை என்றாள் அக்கா. காலையில் அக்கா கையில் அதைப் பார்த்ததாகச் சொன்னான் அவன். சார் கோட்டின் கழுத்துப் பட்டையைத் திருப்பிக் காட்டினார். அக்காவின் கூந்தல் கிளிப் அதில் சிக்கியிருந்தது.

“பொய் சொன்னது யாருன்னு தெரிஞ்சா, தப்பு பண்ணினது யாருன்னும் தெரிஞ்சிடும்” என்று சிரித்தார். அன்றே முதலாளி அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரம் இயந்திரக்காரன் அவரிடம் தனியாக வந்து நின்றான். அக்கா சாப்பிடப் போயிருந்தபோது, ஒரு சுருக்கத்தை எடுக்கலாமென்று தான்தான் இஸ்திரியை வைத்துக் கருக்கிவிட்டதாகச் சொன்னான்.

“அன்னைக்கே ஏன் சொல்லலை?”

“அக்காவைப் பத்திதானே சார் கேட்டீங்க? என்னை எங்க கேட்டீங்க? நான் சொன்னது உண்மைதான்.”

தான் சிரித்த சிரிப்புதான் திரும்பத் திரும்ப அவர் காதில் விழுந்தது.

முதலாளியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, அவர் அக்காவின் வீட்டுக்குப் போனார். அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே, அந்தக் கோட்டை ஒரு நிமிடம் போட்டுக் கண்ணாடி பார்த்ததாகச் சொன்னாள்.

“அப்படி ஒண்ணை நான் போட்டதே இல்ல சார். அத்தனை பேர் நடுவுல அதை எப்படிச் சொல்ல?”

வேலைக்குத் திரும்பி வரச் சொன்னார்.

“வரேன். வேலை வேணும். ஆனா எல்லார் முன்னாடியும்தானே நிறுத்துனீங்க, அங்கேயே சொல்லிடுங்க. கண்ணாடி பாத்தது மட்டும் வேணாம்.”

மறுநாள் கூடத்தில், கோட்டைக் கருக்கியது அக்கா இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். இயந்திரக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். துணி மடிக்கும் மேசையில் நின்ற ஒருவர் விடவில்லை: “அப்ப அக்கா ஏன் சார் தொடலைன்னு பொய் சொன்னாங்க?”

எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

“அவங்க பொய் சொல்லலை. அந்தக் கிளிப் கீழ கிடந்துச்சு. எடுத்துக் கோட்டுப் பட்டையில மாட்டினது நான்தான்.”

இத்தனை கேவலமான ஆளா என்ற பார்வை ஒவ்வொரு முகத்திலும் தெரிந்தது. அவர் மறுக்கவில்லை. அக்கா ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள், பின் இஸ்திரியைச் சொருகிவிட்டு அது சூடாகக் காத்திருந்தாள்.